ஒரு சேர்மத்தில் எத்தனை அணுக்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் மோல் பாடம் நடக்கும் நாட்களில் என்னிடம் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கேட்கிற பிள்ளைகள் மாறுவார்கள், கேள்வி மாறாது. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

கணக்குகளில் பாடநூல் வழக்கப்படி தோராய அணு நிறைகளையே எடுத்திருக்கிறேன்: ஹைட்ரஜன் 1, கார்பன் 12, ஆக்சிஜன் 16, சோடியம் 23, அலுமினியம் 27, கந்தகம் 32, குளோரின் 35.5, கால்சியம் 40, இரும்பு 56, தாமிரம் 63.5. அவகாட்ரோ எண் 6.022 × 10²³.

அணு கண்ணுக்கே தெரியாது. அதைப் போய் எப்படி எண்ணுவது?

எண்ணுவதில்லை, எடை போடுகிறோம். உண்டியல் சில்லறையில் ஒரே வகை நாணயங்களைத் தனியே பிரித்து எடை போட்டால், ஒரு நாணயத்தின் எடையால் வகுத்து எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம். அணுக்களுக்கும் இதே வழிதான். ஆனால் ஒரு கார்பன் அணுவின் நிறை ஏறக்குறைய 2 × 10⁻²³ கிராம். இவ்வளவு சிறிய எண்ணை வைத்துக்கொண்டு தினமும் கணக்குப் போடுவது கஷ்டம்.

அதனால்தான் 6.022 × 10²³ துகள்களை ஒரு கட்டாக எடுத்து, அதை 1 மோல் என்கிறோம். இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு தனிமத்தின் அணு நிறை எவ்வளவோ, அத்தனை கிராம் எடுத்தால் அதில் சரியாக 1 மோல் அணுக்கள் இருக்கும். 12 கிராம் கார்பனில் 1 மோல் அணுக்கள், 56 கிராம் இரும்பிலும் 1 மோல் அணுக்கள்.

சேர்மம் கொடுத்தால் என்ன செய்யணும்? முழு வழியையும் ஒரு தடவை சொல்லுங்க.

நிறையை மோலார் நிறையால், அதாவது 1 மோல் பொருளின் கிராம் நிறையால், வகுத்தால் மோல் கிடைக்கும். மோலை அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் மூலக்கூறுகளின் எண்ணிக்கை. அதை ஒரு மூலக்கூறில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்த அணுக்கள்.

ஒரு தேக்கரண்டி சர்க்கரை, அதாவது 5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை மூலக்கூறு ஒன்றில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன், ஆக 45 அணுக்கள். மோலார் நிறை 144 + 22 + 176 = 342 கிராம். 5 ÷ 342 = 0.01462 மோல். மூலக்கூறுகள் 8.80 × 10²¹. 45ஆல் பெருக்கினால் 3.96 × 10²³ அணுக்கள். கார்பன் அணுக்கள் மட்டும் வேண்டுமென்றால் கடைசிப் படியில் 45க்குப் பதில் 12ஆல் பெருக்க வேண்டும்: 1.06 × 10²³. மற்ற படிகள் அப்படியே இருக்கும்.

மூலக்கூறு எண்ணிக்கையோட நிறுத்தணுமா, அணு வரைக்கும் போகணுமா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கேள்வியில் எதன் எண்ணிக்கையைக் கேட்கிறார்கள் என்று பார்த்தால் போதும். 18 கிராம் நீரை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மூலக்கூறுகள் என்றால் 6.022 × 10²³. எத்தனை அணுக்கள் என்றால் அதன் மூன்று மடங்கு, 1.807 × 10²⁴. எத்தனை ஹைட்ரஜன் அணுக்கள் என்றால் இரண்டு மடங்கு, 1.204 × 10²⁴. மூன்றுமே சரியான விடைகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கு உரியது.

"1 மோல்" என்று மட்டும் எழுதி விடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். "1 மோல் நீர் மூலக்கூறு", "3 மோல் அணு" என்று, எதன் மோல் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் இழக்கும் மதிப்பெண்களில் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லை எழுதாததால் போகிறது என்பது என் உறுதியான எண்ணம். கீழே வரும் சந்தேகங்கள் பலவும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

16 கிராம் ஆக்சிஜனில் இருப்பது 1 மோலா, அரை மோலா?

இரண்டும்தான். 1 மோல் ஆக்சிஜன் அணு, அரை மோல் ஆக்சிஜன் மூலக்கூறு. காற்றில் உள்ள ஆக்சிஜன் இரண்டிரண்டு அணுக்களாகச் சேர்ந்திருப்பதால் மூலக்கூறு எண்ணிக்கை பாதியாகிறது.

இதில் ஒரு நல்ல சங்கதி இருக்கிறது. 48 கிராம் ஆக்சிஜனையும் 48 கிராம் ஓசோனையும் ஒப்பிடுங்கள். முன்னதில் 1.5 மோல் மூலக்கூறுகள், பின்னதில் 1 மோல் மூலக்கூறுகள். அணுக்களோ இரண்டிலும் 3 மோல். ஒரே தனிமம் மட்டும் இருக்கும் பொருளில், அணுக்கள் இரண்டிரண்டாகக் கூடினாலும் மும்மூன்றாகக் கூடினாலும் மொத்த எண்ணிக்கை மாறாது. எனவே பாஸ்பரஸ், கந்தகம் போன்றவற்றில் அணுக்களைத்தான் கேட்கிறார்கள் என்றால், மூலக்கூறில் 4 அணுவா 8 அணுவா என்று தேட வேண்டாம். நிறையை அணு நிறையால் வகுத்தாலே போதும்.

கீழே எழுதுற சின்ன எண், முன்னால் எழுதுற பெரிய எண். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

கீழே உள்ள எண் ஒரு மூலக்கூறுக்குள் அந்த அணு எத்தனை என்று சொல்கிறது. முன்னால் உள்ள எண் அப்படிப்பட்ட மூலக்கூறுகள் எத்தனை என்று சொல்கிறது. மோலார் நிறை கண்டுபிடிக்கும்போது முன்னால் உள்ள எண்ணைத் தொடக்கூடாது. சமன்பாட்டில் நீருக்கு முன்னால் 2 இருந்தாலும் நீரின் மோலார் நிறை 18தான், 36 ஆகாது.

அடைப்புக்குறிக்கு வெளியே 3 இருந்தால் அது எதையெல்லாம் பெருக்கும்?

உள்ளே இருக்கிற எல்லாவற்றையும். அலுமினியம் சல்பேட்டில் 2 அலுமினியம் வெளியே நிற்கிறது. ஒரு கந்தகமும் 4 ஆக்சிஜனும் சேர்ந்த சல்பேட் தொகுதி அடைப்புக்குறிக்குள் இருக்கிறது, அதன் வெளியே 3. ஆக 2 அலுமினியம், 3 கந்தகம், 12 ஆக்சிஜன், மொத்தம் 17 அணுக்கள். நிறை 54 + 96 + 192 = 342.

342 என்ற எண்ணை மேலே சர்க்கரையில் பார்த்தோம். இரண்டின் மோலார் நிறையும் ஒன்றே. 34.2 கிராம் எடுத்தால் இரண்டிலும் 0.1 மோல்தான். ஆனால் சர்க்கரையில் 4.5 மோல் அணுக்கள் (2.71 × 10²⁴), அலுமினியம் சல்பேட்டில் 1.7 மோல் அணுக்கள் (1.02 × 10²⁴). ஆகவே மோலும் மோலார் நிறையும் ஒன்றாக இருந்தாலும் வாய்பாட்டைப் பார்க்காமல் அணு எண்ணிக்கையைச் சொல்ல முடியாது.

உப்பில் மூலக்கூறே கிடையாதுன்னு சொல்றாங்க. அப்புறம் எதை எண்ணுறது?

சோடியம் குளோரைடு படிகத்தில் சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. இந்த சோடியம் இந்த குளோரினுக்குச் சொந்தம் என்று பிரிக்க முடியாது. அதனால் மூலக்கூறுக்குப் பதில் "வாய்பாட்டு அலகு" என்று எண்ணுகிறோம், ஒரு சோடியமும் ஒரு குளோரினும் சேர்ந்தது ஓர் அலகு. கணக்கின் வழி மாறாது. 5.85 கிராம் உப்பில் 0.1 மோல் அலகுகள், 0.2 மோல் அயனிகள், அதாவது 1.204 × 10²³.

அயனியை அணு என்று எண்ணலாமா என்று கூடவே கேட்பார்கள். "மொத்த அணுக்கள்" என்று கேள்வி வந்தால் எண்ணலாம். சோடியம் ஓர் எலக்ட்ரானை இழந்தாலும் அதன் அணுக்கரு அங்கேயேதான் இருக்கிறது. எலக்ட்ரானின் நிறை புரோட்டானின் நிறையில் சுமார் 1836இல் ஒரு பங்குதான் என்பதால் மோலார் நிறையையும் மாற்ற வேண்டியதில்லை.

மயில்துத்தத்தின் வாய்பாட்டில் நடுவில் ஒரு புள்ளி இருக்கே, அது பெருக்கல் குறியா?

இல்லை, "இதோடு சேர்ந்து" என்று பொருள். ஒரு காப்பர் சல்பேட் அலகோடு 5 நீர் மூலக்கூறுகள் படிகத்துக்குள் சேர்ந்திருக்கின்றன. எனவே நிறைகளைக் கூட்ட வேண்டும்: 159.5 + 90 = 249.5. அணுக்கள்: காப்பர் சல்பேட்டில் 6, நீரில் 15, மொத்தம் 21.

படிக நீரை மறந்தால் பிழை எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 24.95 கிராம் நீலப் படிகத்தில் 0.1 மோல் அலகுகள், எனவே 2.1 மோல் அணுக்கள், 1.265 × 10²⁴. நீரை விட்டுவிட்டு 159.5ஆல் வகுத்து 6ஆல் பெருக்கினால் 5.65 × 10²³ வரும். பாதிக்கும் குறைவு. மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீர் வெளியேறி வெள்ளைப் பொடியாகிவிடும். அந்த வெள்ளைப் பொடிக்கு 159.5தான் சரி. ஆகவே தராசில் எது இருக்கிறது என்பதைக் கேள்வியில் கவனமாகப் பாருங்கள்.

22.4 லிட்டர்னா 1 மோல்தானே? அப்போ 22.4 லிட்டர் தண்ணீரிலும் 1 மோல்தானே?

22.4 லிட்டர் என்பது வாயுக்களுக்கு மட்டும், அதுவும் 273 கெல்வின் வெப்பநிலையிலும் 1 வளிமண்டல அழுத்தத்திலும் மட்டும். அந்த நிலையில் 5.6 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு என்றால் 0.25 மோல் மூலக்கூறுகள், 0.75 மோல் அணுக்கள், 4.52 × 10²³.

தண்ணீர் திரவம். அதன் பருமனை அடர்த்தியால் பெருக்கி நிறையாக்கிய பிறகுதான் மோல் கண்டுபிடிக்க வேண்டும். 22.4 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 22,400 கிராம், அதாவது சுமார் 1,244 மோல். 1 மோல் தண்ணீருக்கு 18 மில்லிலிட்டர் போதும்.

சில புத்தகங்களில் 22.7 லிட்டர் என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 1982இல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் திட்ட அழுத்தத்தை 1 பார் என்று மாற்றியது. 1 பார் 1 வளிமண்டலத்தைவிடச் சற்றுக் குறைவு என்பதால் வாயு கொஞ்சம் கூடுதல் இடம் பிடிக்கிறது. கேள்வியில் எந்த அழுத்தம் சொல்லியிருக்கிறதோ அதற்குரிய எண்ணை எடுங்கள்.

6.022ஆ, 6.023ஆ? அண்ணன் புத்தகத்தில் ஒண்ணு, என் புத்தகத்தில் ஒண்ணு இருக்கு.

6.022 எழுதுங்கள். 6.023 பழைய புத்தகங்களில் புழங்கிய மதிப்பு. 2019 மே 20 முதல் அவகாட்ரோ மாறிலி, மோலுக்கு 6.02214076 × 10²³ என்று துல்லியமாக வரையறுக்கப்பட்டுவிட்டது. இனி அது அளவீட்டுக்கு அளவீடு மாறாது. பள்ளிக் கணக்கில் 6.022க்கும் 6.023க்கும் உள்ள வேறுபாடு விடையின் நான்காவது இலக்கத்தில்தான் தெரியும்.

சரி, இந்த எண்ணை யார் எண்ணிக் கண்டுபிடித்தார்கள்? அவகாட்ரோவா?

அவருக்கு இந்த எண் தெரியாது. இத்தாலியரான அவகாட்ரோ 1811இல் சொன்னது, ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்பதுதான். எத்தனை என்று அவர் சொல்லவில்லை. மூலக்கூறுகளின் அளவை முதன்முதலில் ஓரளவு நம்பகமாகக் கணித்தவர் ஆஸ்திரியாவின் லோஷ்மிட், 1865இல்.

பிறகு பிரான்சின் ழான் பெரன் வந்தார். மரப்பிசினிலிருந்து செய்த நுண்துகள்களை நீரில் மிதக்கவிட்டு, எந்த உயரத்தில் எத்தனை துகள்கள் நிற்கின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்து எண்ணினார். காற்று மேலே போகப் போக அடர்த்தி குறைவது போலவே அந்தத் துகள்களும் குறைந்தன. அந்தக் குறைவின் வேகத்திலிருந்து இந்த மாறிலியைக் கணித்தார். 1909இல் அதற்கு அவகாட்ரோவின் பெயரை வைத்தவரும் அவரே. 1926இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். அணு உண்மையிலேயே இருக்கிறதா என்று தயங்கிக்கொண்டிருந்த அறிஞர்கள் பலரை நம்ப வைத்தது அவருடைய சோதனைகள்தான்.

நம் காலத்தில் சிலிக்கான்-28 ஐசோடோப்பால் ஏறக்குறைய 1 கிலோ எடையுள்ள, மிகத் துல்லியமான உருண்டைகளைச் செய்தார்கள். படிகத்தில் அணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தை எக்ஸ் கதிரால் அளந்து, உருண்டையின் பருமனோடு ஒப்பிட்டு, உள்ளே எத்தனை அணுக்கள் என்று கணக்கிட்டார்கள். ஏறக்குறைய 2.15 × 10²⁵. மேலே சொன்ன 2019ஆம் ஆண்டு வரையறைக்கு இந்த அளவீடும் ஓர் அடிப்படை.

எந்தக் குளோரின் அணுவும் 35.5 நிறை இல்லை. அப்புறம் 35.5 வச்சு வகுத்தால் விடை எப்படிச் சரியாகும்?

இயற்கைக் குளோரினில் நிறை எண் 35 கொண்ட அணுக்கள் நான்கில் மூன்று பங்கும், 37 கொண்டவை ஒரு பங்கும் இருக்கின்றன. 35.5 இவற்றின் சராசரி. பத்து அணுக்களை எடுத்தால் சராசரி ஏறலாம், இறங்கலாம். ஆனால் நாம் எடுக்கும் ஒரு சிட்டிகையிலேயே கோடி கோடி அணுக்கள் இருப்பதால் சராசரி நகராது.

கனநீரிலும் ஒரு மூலக்கூறுக்கு 3 அணுதான். அப்போ 90 கிராம் கனநீரிலும் 90 கிராம் நீரிலும் ஒரே எண்ணிக்கைதானே?

இல்லை. கல்பாக்கம் அணு உலைகளில் பயன்படும் கனநீரில் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்ரியம், நிறை 2. எனவே மோலார் நிறை 20. 90 கிராம் நீரில் 5 மோல் மூலக்கூறுகள், 15 மோல் அணுக்கள். 90 கிராம் கனநீரில் 4.5 மோல் மூலக்கூறுகள், 13.5 மோல் அணுக்கள். வாய்பாட்டில் அணு எண்ணிக்கை ஒன்றே என்றாலும் ஒவ்வொரு மூலக்கூறும் கனமானது, அதனால் அதே எடைக்குக் குறைவாகவே வரும்.

தலைகீழாகக் கேட்டால்? அணு எண்ணிக்கையைக் கொடுத்து நிறை கேட்டால் எங்கே தொடங்கணும்?

இரண்டாவது பதிலில் உள்ள வழியைக் கடைசியிலிருந்து திருப்பி நடங்கள், பெருக்கிய இடத்தில் வகுத்து, வகுத்த இடத்தில் பெருக்கி. 3.011 × 10²³ ஆக்சிஜன் அணுக்கள் எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடில் இருக்கும்? அது 0.5 மோல் ஆக்சிஜன் அணு. ஒரு மூலக்கூறில் இரண்டு என்பதால் 0.25 மோல் மூலக்கூறு. 44ஆல் பெருக்கினால் 11 கிராம். இங்கே பலர் 0.5ஐ நேராக 44ஆல் பெருக்கி 22 என்று எழுதுகிறார்கள். "எதன் மோல்" என்று பக்கத்தில் எழுதியிருந்தால் அந்தத் தவறு வராது.

சுண்ணாம்புக்கல் 80 சதவீதம் தூய்மைன்னு கொடுத்தால் எந்த இடத்தில் 80 சதவீதம் எடுக்கணும்?

முதலிலேயே நிறையில் எடுத்துவிடுங்கள். 25 கிராம் கல்லில் 20 கிராம்தான் கால்சியம் கார்பனேட். மோலார் நிறை 100, எனவே 0.2 மோல். ஓர் அலகில் 5 அணுக்கள். ஆக 1 மோல் அணுக்கள், 6.022 × 10²³. மீதி 5 கிராம் மண்ணிலும் மணலிலும் அணுக்கள் உண்டு, ஆனால் அது என்ன பொருள் என்று தெரியாததால் கேள்வி அதைக் கேட்காது.

மாத்திரை அட்டையில் "60 மில்லிகிராம் இரும்பு"ன்னு இருக்கு. ஆனா உள்ளே இருப்பது பெர்ரஸ் சல்பேட்டாமே. எதை வச்சு வகுக்கணும்?

பள்ளிகளில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிய கேள்வி இது. நன்றாகக் கவனித்துக் கேட்ட கேள்வி. அட்டையில் உள்ள 60 மில்லிகிராம் தனி இரும்பின் நிறை, சேர்மத்தின் நிறை அல்ல. எனவே 56ஆல் வகுக்க வேண்டும். 0.060 ÷ 56 = 0.00107 மோல், 6.45 × 10²⁰ இரும்பு அணுக்கள்.

அத்தனை இரும்பைத் தர 7 நீர் மூலக்கூறுகள் சேர்ந்த பெர்ரஸ் சல்பேட் (மோலார் நிறை 278) ஏறக்குறைய 298 மில்லிகிராம் தேவை. 60ஐ 278ஆல் வகுத்தவர்களுக்கு விடை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

ஒரே நிறை கொடுத்து எதில் அணுக்கள் அதிகம்னு கேட்டால், நாலு விடைக்கும் முழுக் கணக்குப் போடணுமா?

வேண்டாம். மோலார் நிறையை அணுக்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், ஓர் அணுவுக்குச் சராசரியாக எவ்வளவு நிறை என்று தெரியும். மீத்தேனில் 16 ÷ 5 = 3.2. அம்மோனியாவில் 17 ÷ 4 = 4.25. நீரில் 6. கார்பன் டை ஆக்சைடில் 14.7. மிகச் சிறிய எண் எதற்கோ அதில்தான் அணுக்கள் அதிகம். போட்டித் தேர்வில் இந்த வழி நேரத்தை நிறைய மிச்சப்படுத்தும்.

ஒரு பவுன் நகையில் எத்தனை அணுக்கள்னு இதே மாதிரி கண்டுபிடிக்கலாமா?

தங்க அணுக்களைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் நகை ஒரு சேர்மம் அல்ல, உலோகக் கலவை. அதற்கு வாய்பாடும் இல்லை, மோலார் நிறையும் இல்லை. கலவையில் ஒவ்வொரு பொருளையும் நிறையால் பிரித்து, தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். 916 முத்திரையுள்ள 8 கிராம் நகையில் தங்கம் 7.33 கிராம். தங்கத்தின் அணு நிறை 197. எனவே 0.0372 மோல், 2.24 × 10²² தங்க அணுக்கள்.

மீதி 0.67 கிராமும் தாமிரம் என்று வைத்துக்கொண்டால் 0.0106 மோல், சுமார் 6.4 × 10²¹ அணுக்கள். நிறையில் தாமிரம் 8.4 சதவீதம்தான், அணு எண்ணிக்கையிலோ சுமார் 22 சதவீதம். தாமிர அணு தங்க அணுவின் மூன்றில் ஒரு பங்கு கனம்கூட இல்லாததால் வந்த வேறுபாடு இது. நிஜ நகையில் தாமிரத்தோடு வெள்ளியும் துத்தநாகமும் சேர்ந்திருக்கும். அவற்றின் பங்கு தெரிந்தால் இதே வழியில் மொத்தத்தையும் கூட்டிவிடலாம்.